கதவுக்கு அந்தப் பக்கம்: தி ஹாண்டிங் (1963), ஒரு நிகழ்வு ஆய்வு

பேயே வராத படத்தைப் பேய்ப்படம் என்று சொல்லலாமா? தி ஹாண்டிங் படத்தை முதல்முறை பார்த்து முடித்ததும் எனக்கு வந்த கேள்வி இதுதான். 112 நிமிடம், கறுப்பு வெள்ளை, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, கோரமான முகம் கிடையாது, கடைசி வரைக்கும் எந்த உருவமும் வந்து நிற்பதில்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகு எழுந்து போய், அறைக் கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சாத்தித்தான் இருந்தது. அப்படியும் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் படத்தைப் பல முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் எண்ணத்தோடுதான் உட்கார்வேன்: லென்ஸ், செட், ஒலி, நடிப்பு. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து முடித்தபோது கையில் மிஞ்சியது ஒரே ஒரு சத்தம், சுவரில் தட்டும் சத்தம். இந்தப் படத்தின் பயம் முழுவதும் அந்தத் தட்டலில் இருக்கிறது, அந்தத் தட்டல் பயமுறுத்துவதற்குக் காரணம் அது எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது இல்லை, கதாநாயகி அதை ஏற்கெனவே ஒருமுறை வேறொரு வீட்டில் கேட்டிருக்கிறாள் என்பதுதான். இதைத்தான் கீழே விளக்கப் போகிறேன். கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யார், எங்கே, எப்படி

இயக்குநர் ராபர்ட் வைஸ். 1961ல் வெஸ்ட் சைட் ஸ்டோரி எடுத்தார், 1965ல் தி சவுண்ட் ஆஃப் மியூசிக் எடுத்தார், இரண்டுமே வண்ணத்தில் வந்த பிரம்மாண்டமான பாட்டுப் படங்கள், இரண்டுக்கும் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் கறுப்பு வெள்ளையில் ஒரு பேய்வீட்டுப் படம். இது பலருக்கு விநோதமாகத் தெரியும், ஆனால் அவர் எங்கே தொழில் கற்றார் என்று பார்த்தால் விநோதமே இல்லை. வைஸ் எடிட்டராகத் தொடங்கியவர், சிட்டிசன் கேன் படத்தை வெட்டியவர் அவர்தான். ஆர்கேஓ ஸ்டுடியோவில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர் 1940களில் சின்ன பட்ஜெட்டில் திகில் படங்களாகத் தயாரித்துக்கொண்டிருந்தார், வைஸுக்கு இயக்குநர் நாற்காலி கிடைத்ததும் அங்கேதான். லூட்டனின் வழி எளிமையானது: காட்டுவதற்குக் காசு இல்லை, அதனால் காட்டாதே, நிழலையும் சத்தத்தையும் மட்டும் கொடு, மிச்சத்தைப் பார்ப்பவன் தானே நிரப்பிக்கொள்வான். இருபது வருடம் கழித்துத் தன் குருவுக்கு வைஸ் செலுத்திய காணிக்கைதான் தி ஹாண்டிங்.

மூலக்கதை ஷர்லி ஜாக்சன் 1959ல் எழுதிய நாவல். திரைக்கதை நெல்சன் கிடிங். இந்த கிடிங் விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் படத்தின் குணம் இங்கேதான் முடிவாகிறது. நாவலைப் படித்த கிடிங்குக்கு இது பேய்க்கதையாகவே தோன்றவில்லை. மனம் உடைந்த ஒரு பெண்ணின் கதையாகத் தோன்றியது: அந்த வீடுதான் மனநல மருத்துவமனை, ஆராய்ச்சி செய்யவரும் பேராசிரியர்தான் மருத்துவர், கதவை இடிக்கும் சத்தம் அவளுக்குக் கொடுக்கப்படும் மின்னதிர்ச்சி. வைஸும் அவரும் வெர்மான்ட்டுக்கே போய் ஜாக்சனைப் பார்த்து இதைக் கேட்டார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நான் எழுதியது அது இல்லை, நிஜமாகவே அமானுஷ்யத்தைப் பற்றித்தான் எழுதினேன் என்று அவர் சொல்லிவிட்டார். சரி என்று கிடிங் தன் யோசனையைக் கைவிட்டார், ஆனால் முழுவதுமாகக் கைவிடவில்லை என்று படத்தைப் பார்த்தால் தெரியும். நடப்பது எல்லாமே வீட்டின் வேலை என்றும் கொள்ளலாம், அவள் மனதின் வேலை என்றும் கொள்ளலாம், இரண்டில் எதை எடுத்தாலும் கதை உடையாது. நாவலிலேயே இது இருக்கிறது என்றாலும், மனநோய்க் கதையாக முதலில் யோசித்துப் பார்த்த ஒருவர் எழுதியதால்தான் படத்தில் அந்த இரட்டைத்தன்மை இவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது என் கணிப்பு.

பணம் எம்ஜிஎம்முடையது. அமெரிக்காவில் கேட்ட தொகை கிடைக்கவில்லை, அந்த நிறுவனத்தின் பிரிட்டிஷ் பிரிவு சுமார் 10.5 லட்சம் டாலர் தர முன்வந்தது, அதனால் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் நடக்கும் கதை பழைய இங்கிலாந்தில் படமானது. உள்காட்சிகள் எல்லாம் போர்ஹம்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட். வெளியே தெரியும் அந்த மாளிகை வார்விக்ஷயரில் இருக்கும் எட்டிங்டன் பார்க், இன்றைக்கு அது ஒரு ஹோட்டல், விருப்பமிருந்தால் போய்த் தங்கலாம்.

வீட்டுக்குள் போனவர்கள்

ஹில் ஹவுஸ் என்ற அந்த வீட்டைக் கட்டியவர் ஹியூ கிரெய்ன். படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே நான்கு சாவுகள் வந்துவிடும். முதல் மனைவி வீட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, வரும் பாதையில் குதிரைவண்டி மரத்தில் மோதி இறந்துபோகிறாள். இரண்டாம் மனைவி படியிலிருந்து விழுந்து இறக்கிறாள். மகள் அபிகேல் அந்த வீட்டின் குழந்தைகள் அறையிலேயே வளர்ந்து, அங்கேயே கிழவியாகி, அங்கேயே சாகிறாள், தலையணையில் இருக்கும் அந்த முகம் சிறுமியிலிருந்து கிழவியாக மாறுவதை ஒரே கோணத்தில் காட்டிவிடுகிறார் வைஸ். அபிகேல் சாகும் ராத்திரி துணைக்கு இருக்கும் பெண்ணைக் கூப்பிடக் கைத்தடியால் சுவரில் தட்டுகிறாள். துணைப்பெண் வெளியே வராந்தாவில் ஒருவனோடு இருக்கிறாள், வரவில்லை. பிறகு வீடு அந்தத் துணைப்பெண்ணுக்கே போய்ச் சேர்கிறது, நூலகத்தின் சுழல் படிக்கட்டு உச்சியில் அவள் தூக்கு மாட்டிக்கொள்கிறாள்.

கிழவி தட்டினாள், யாரும் வரவில்லை, செத்துப்போனாள். இதைப் படம் ஓர் ஊர்க்கதை போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

அடுத்தது எலனார். நடித்தவர் ஜூலி ஹாரிஸ். நோயாளி அம்மாவைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவள், அம்மா செத்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அக்கா வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுத்துக்கொள்கிறாள், கார் வாங்கியதில் பாதிப் பணம் அவளுடையது, ஆனாலும் அதை எடுக்க அக்காவிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அவர்கள் கொடுக்க மாட்டோம் என்றதும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். தன் வாழ்க்கையில் அவள் செய்த முதல் காரியம் அது, காரை ஓட்டிக்கொண்டு போகும்போது அவள் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும், ஏனென்றால் அவள் எங்கே போகிறாள் என்று நமக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் வீட்டின் மேல் மூன்று நாள் கல்மழை விழுந்ததாக ஒரு செய்தி உண்டு, அதைப் படித்துவிட்டுத்தான் டாக்டர் மார்க்வே அவளை ஹில் ஹவுஸில் நடத்தும் தன் அமானுஷ்ய ஆராய்ச்சிக்கு அழைத்திருக்கிறார். மார்க்வேயாக ரிச்சர்ட் ஜான்சன். அடுத்தவர் மனதைப் படிக்கும் சக்தி உள்ள தியோடோராவாக கிளேர் ப்ளூம். வீடு பின்னால் தனக்கு வரும் என்பதால் மேற்பார்வைக்கு வந்திருக்கும் லூக்காக ரஸ் டாம்ப்ளின்.

அம்மா செத்த ராத்திரி என்ன நடந்தது என்பதைப் படம் ஒரே இடத்தில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எலனார் வாயிலிருந்து வாங்கும். அம்மாவும் சுவரில் தட்டித்தான் கூப்பிடுவாள். பதினொரு வருடமாகத் தட்டினாள், ஒவ்வொரு முறையும் இவள் எழுந்து போனாள். அந்த ஒரு ராத்திரி போகவில்லை. கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்தாளா, தூக்கத்தில் கேட்கவே இல்லையா என்பது அவளுக்கே தெளிவில்லை.

இப்போது அபிகேலின் துணைப்பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ராத்திரி

எலனார் தூங்கிக்கொண்டிருக்கிறாள். டம், டம் என்று சுவரில் ஒரு சத்தம். பாதித் தூக்கத்தில், வருகிறேன் அம்மா, வருகிறேன் என்கிறாள். பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது, அம்மா இல்லை, இது வேறு வீடு. அடுத்த அறையிலிருந்து தியோ கூப்பிடுகிறாள், இவள் ஓடிப்போய் அவளோடு ஒட்டிக்கொள்கிறாள். சத்தம் தாழ்வாரத்தின் கோடியில் தொடங்கி ஒவ்வொரு கதவாக இடித்துக்கொண்டு வருகிறது, நெருங்க நெருங்க இடியாக மாறுகிறது, இவர்கள் கதவுக்கு வெளியே வந்ததும் நிற்கிறது. கைப்பிடி மெல்லத் திரும்புகிறது. யாரோ கதவைத் தடவிப் பார்ப்பது போன்ற ஒலி. அப்புறம் ஒரு சிரிப்பு.

இவ்வளவு நேரமும் கேமரா அறையை விட்டு வெளியே போகவே போகாது. தாழ்வாரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நொடி காட்டியிருந்தால்கூட, அது காலித் தாழ்வாரமாக இருந்தாலும்கூட, எல்லாம் போயிருக்கும், நமக்கு ஒரு விவரம் கிடைத்திருக்கும், கிடைத்ததும் மூச்சு விட்டிருப்போம். வைஸ் நமக்குத் தருவது இரண்டு முகம், மரச்செதுக்கு வேலை செய்த ஒரு கதவு, ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். கண்ணுக்கு வேலை இல்லாமல் போகும்போது காது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது, காது எதையும் முழுதாகச் சொல்லாது.

ஒலிகளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, காட்சியை எடுக்கும்போது செட்டிலேயே ஒலிக்கவிட்டார்கள். சாதாரணமாக நடிகர்களிடம் 'இப்போது ஒரு சத்தம் கேட்கிறது, பயப்படுங்கள்' என்று சொல்லிவிட்டு, படம் எடுத்து முடிந்த பிறகு சத்தத்தைச் சேர்ப்பார்கள். இங்கே ஜூலி ஹாரிஸும் கிளேர் ப்ளூமும் நிஜமாகவே எதையோ கேட்டுத்தான் திரும்புகிறார்கள். அவர்கள் கண்கள் சத்தம் நகரும் திசையிலேயே போகும், ஒரு கணம்கூடப் பிசகாது. இதைச் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும், நான் பார்த்தேன், ஊமைப்படமாகவும் அந்தக் காட்சி வேலை செய்கிறது.

யார் கை?

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் மையம் இரண்டாம் ராத்திரி நடப்பதுதான். அதற்குள் சுவரில் சாக்கட்டியால் எலனாரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, உதவி கேட்டு, வீட்டுக்கு வரச் சொல்லி. அவள் பயப்படுகிறாள், அதே சமயம் அவளையும் அறியாமல் ஒரு பெருமையும் எட்டிப் பார்க்கிறது. இத்தனை வருடத்தில் அவள் பெயரை யாராவது அப்படி அழைத்திருப்பார்களா?

அன்று ராத்திரி எலனாரும் தியோவும் ஒரே அறையில் படுக்கிறார்கள். இருட்டில் எலனார் விழிக்கிறாள். சுவருக்குப் பின்னால் ஓர் ஆணின் குரல் முணுமுணுக்கிறது, பிரார்த்தனை போலவும் இருக்கிறது, திட்டுவது போலவும் இருக்கிறது, ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. பிடிபடாததால் நாம் இன்னும் கூர்ந்து கேட்போம், அதுதான் பொறி. பிறகு ஒரு குழந்தை அழுகிறது. கேமரா சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது, இலையும் கொடியுமாகப் புடைத்த ஓர் அலங்காரம், நிலா வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மாற மாற, அதில் இரண்டு கண்ணும் ஒரு திறந்த வாயும் தெரியத் தொடங்கும். சுவரில் ஒன்றுமே மாறவில்லை. முகம் இல்லாத இடத்தில் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் மனிதக் கண்ணுக்கு உண்டு, மேகத்திலும் மரப்பட்டையிலும் முகம் பார்ப்பவர்கள்தானே நாம், வைஸ் அந்தப் பழக்கத்துக்குக் கொஞ்சம் நேரமும் கொஞ்சம் வெளிச்சமும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

எலனார் தியோவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிடி இறுகுகிறது, எலும்பு நொறுங்கும் அளவுக்கு இறுகுகிறது. நாம் கேட்பது அவள் மனக்குரலை மட்டும்தான்: இந்த வீடு என்ன செய்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன், ஆனால் ஒரு குழந்தையைத் துன்புறுத்துவதை மட்டும் பொறுக்க மாட்டேன், வாயைத் திறந்து கத்தப் போகிறேன் என்கிறாள். நிறுத்து என்று கத்தியும் விடுகிறாள். விளக்கு எரிகிறது. தியோ அறையின் அந்தக் கோடியில் இருக்கும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்கிறாள். எலனார் தன் கையையே பார்க்கிறாள். அப்படியென்றால் இதுவரை யார் கையைப் பிடித்திருந்தாள்?

வேறு எந்தப் படத்திலும் எனக்கு இப்படி ஆனதில்லை, விளக்கு எரிந்த பிறகு பயம் தொடங்கியது. நடந்துகொண்டிருந்தபோது நமக்கு அந்தக் கை ஆறுதலாக இருந்தது, பயப்பட வேண்டியது சுவரைத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

தன்னைத் தட்டிக் கூப்பிட்ட அம்மாவிடம் போகாத குற்றத்தைச் சுமந்துகொண்டிருக்கும் ஒருத்தி, முகம் தெரியாத ஒரு குழந்தைக்காகக் குரல் எழுப்புகிறாள். ஒருமுறை கேட்டும் எழாமல் இருந்ததற்கு இப்போது ஈடு செய்கிறாள். அவளுடைய பலவீனம் எது என்று வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது, கிடிங் முதலில் நினைத்தது போல, வீடே அவள் மனம்தான் என்று வைத்துக்கொண்டால், தனக்குத் தானே அவள் கொடுத்துக்கொள்ளும் தண்டனை இது. எப்படிக் கொண்டாலும் உள்ளே ஓடுவது குற்ற உணர்ச்சி.

கோணல் வீடு, கோணல் லென்ஸ்

தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். ஹில் ஹவுஸில் சரியான செங்கோணம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாக் கோணமும் நூலிழை பிசகியிருக்கிறது, அதனால்தான் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்கின்றன என்று மார்க்வே விளக்குவார். இதை வசனத்தில் சொல்லிவிடலாம், கண்ணுக்குக் காட்டுவது எப்படி? பனாவிஷன் நிறுவனம் அப்போது 30 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது, இன்னும் முழுமையாகவில்லை, ஓரங்களில் நேர்கோட்டை வளைத்துவிடும் என்று தர மறுத்தார்கள். வைஸுக்கு வேண்டியதே அந்த வளைவுதான். லென்ஸில் குறை இருப்பது எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஒளிப்பதிவாளர் டேவிஸ் போல்டன் அதை மாட்டிக்கொண்டு கேமராவைத் திருப்பும்போது சுவர்கள் லேசாக வளைந்து நிமிர்கின்றன, பார்ப்பவருக்கு என்ன நடக்கிறது என்று புரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் வயிற்றில் தெரியும்.

எலியட் ஸ்காட் போட்ட செட்களில் கூரைகளும் உண்டு. ஸ்டுடியோ செட் என்றால் பெரும்பாலும் மேலே திறந்திருக்கும், விளக்குகள் அங்கிருந்துதான் வரும். இங்கே கேமரா தாழ்ந்து மேலே பார்க்கிறது, கூரை தலையில் இறங்குவது போல இருக்கிறது. அறைகளோ சாமான்களால் அடைந்து கிடக்கின்றன: கண்ணாடிகள், சிலைகள், செதுக்குகள், கண் ஓய்வெடுக்க வெற்றிடமே கிடையாது. பேய்வீடு என்றால் ஒட்டடையும் இருட்டு மூலையும் என்று பழகியவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும், பல அறைகள் நன்றாக வெளிச்சமாகவே இருக்கின்றன. ஒளிய இடமில்லாத அறையில் எதுவும் ஒளிந்திருக்க முடியாது, அப்படியும் ஏதோ இருக்கிறது.

வெளிப்புறக் காட்சிகள் சிலவற்றை அகச்சிவப்பு ஒளியைப் பதியும் ஃபிலிமில் எடுத்தார்கள். நீல வானத்திலிருந்து அகச்சிவப்பு ஒளி அதிகம் வராது, அதனால் பட்டப்பகலில் எடுத்தாலும் வானம் கறுத்துவிடும், மேகம் மட்டும் வெள்ளையாகத் திரளும், கல்லின் ஒவ்வொரு வரியும் துலங்கும். வீடு தன் சொந்த வெளிச்சத்தில் நிற்பது போல இருக்கும். வண்ணப்படத்தில் இதைச் செய்ய முடியாது. கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பேன் என்பதை வைஸ் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார், பின்னாளில் டெட் டர்னரின் நிறுவனம் பழைய படங்களுக்கு வண்ணம் பூசக் கிளம்பியபோது இந்தப் படம் தப்பித்தது அந்த ஒரு வரியால்தான். நல்லவேளை.

அப்புறம் அந்தக் கதவு. இரவில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இடி வந்து நிற்கிறது, மூடிய பெரிய மரக்கதவு உள்பக்கமாகப் புடைக்கிறது, மூச்சு விடுவது போல உப்பி உப்பி அடங்குகிறது. மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கதவு, பின்னால் பலசாலி ஒருவர் நின்று மரக்கட்டையை வைத்துத் தள்ளினார். ரகசியம் அவ்வளவுதான். தெரிந்துகொண்ட பிறகும் அந்தக் காட்சியில் எனக்கு உடம்பு சிலிர்ப்பது நிற்கவில்லை.

ஒட்டாத இடங்கள்

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். லூக்கின் வேடிக்கைப் பேச்சு பல இடங்களில் காட்சியின் சூட்டைக் குறைக்கிறது, கடைசியில் அவனே இந்த வீட்டை எரித்து நிலத்தில் உப்பைத் தூவ வேண்டும் என்று சொல்லும் இடத்துக்காகத்தான் அத்தனை வேடிக்கையும் என்று புரிந்தாலும்கூட. மார்க்வேயின் மனைவி கிரேஸ் நடுவில் திடீரென்று வந்து இறங்குவதும் கொஞ்சம் வசதியாக இருக்கிறது. பாண்ட் படங்களில் மிஸ் மனிபென்னியாக வரும் லோயிஸ் மாக்ஸ்வெல்தான் கிரேஸ். சுழல் படிக்கட்டின் உச்சியில் பொறிக்கதவைத் திறந்துகொண்டு அவள் முகம் திடீரென்று வரும் அந்த ஒரு இடம் வெறும் அதிர்ச்சி. வேலை செய்கிறது, ஆனால் மற்ற இடங்களில் வைஸ் காட்டிய பொறுமைக்கு அது தேவையில்லை.

எலனாரின் மனக்குரல் அளவுக்கு மீறி ஒலிக்கிறது என்ற குறையைப் பலர் சொல்கிறார்கள். முதல்முறை எனக்கும் அப்படித்தான் எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. பதினொரு வருடம் ஒரு நோயாளியோடு அடைந்து கிடந்தவள் வேறு யாரிடம் பேசியிருப்பாள், தனக்குத்தானேதான் பேசிப் பழகியிருப்பாள். படப்பிடிப்பின்போது ஜூலி ஹாரிஸே மனச்சோர்வில் இருந்தார், மற்ற நடிகர்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்தார், தான் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று கிளேர் ப்ளூம் வருந்தும் அளவுக்கு. படம் முடிந்த பிறகு ஒரு பரிசோடு வந்து ஹாரிஸ் காரணத்தைச் சொன்னாராம். திரையில் எலனார் கும்பலுக்கு நடுவில் தனியாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தியோ பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் பெண்களை விரும்புபவள் என்பதைப் படம் மறைக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை, 1963ல் அது சாதாரண விஷயம் கிடையாது. மேரி குவான்ட் வடிவமைத்த உடைகளோடு அந்த வீட்டில் உண்மையிலேயே நிம்மதியாக மூச்சுவிடுபவள் அவள் ஒருத்திதான்.

எல்லாவற்றையும் காட்டினால்

இந்த ஆய்வுக்கு எதிர்ச்சோதனை ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1999ல் யான் டி போன்ட் இதே கதையைப் பெரும் பணம் செலவழித்து மறுபடி எடுத்தார். வீட்டின் உட்புறம் கண்ணைப் பறிக்கும் அழகு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணினி வரைகலையில் சிற்பங்கள் அசைகின்றன, கட்டில் உயிர் பெறுகிறது, ஹியூ கிரெய்னே பெரிய உருவமாக எழுந்து வருகிறார். எலனாருக்குக் குழந்தைகளின் ஆவிகளைக் காப்பாற்றும் வேலை கொடுக்கப்பட்டுவிடுகிறது, அவள் வீராங்கனை ஆகிவிடுகிறாள். குற்றமுள்ளவளாகத் தன்னை நினைக்கும் பெண்ணிடமிருந்து குற்றத்தை எடுத்துவிட்டு, கையில் ஒரு கடமையைக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எவ்வளவு பலமாகக் கதவைத் தட்டினாலும் யாருக்கு என்ன?

2018ல் மைக் ஃப்ளனகன் எடுத்த தொடரோ, கதையை முழுவதுமாக மாற்றிவிட்டது, ஆனால் குற்ற உணர்ச்சியை விடவில்லை. அதில் ரஸ் டாம்ப்ளின் வயதான மருத்துவராக ஒரு சின்ன வேடத்தில் வருகிறார், பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு சந்தோஷம்.

1963ல் விமர்சனங்கள் இரண்டு பக்கமும் வந்தன. கதை எங்கும் போய்ச் சேரவில்லை என்றார்கள் சிலர். வருடங்கள் போகப் போகத்தான் படம் மேலே வந்தது, மார்ட்டின் ஸ்கார்செசி தனக்கு மிகவும் பயம் தந்த படங்களைப் பட்டியலிட்டபோது இதை முதலிடத்தில் வைத்தார்.

முடிவும் ஒரு சின்ன வார்த்தையும்

கடைசியில் எலனாரைத் திருப்பி அனுப்ப முடிவு செய்கிறார்கள். அவளுக்குப் போக இடமில்லை, சோபா ஒன்றைத் தவிர. காரில் ஏற்றி உட்கார வைத்ததும் யாருக்கும் காத்திராமல் தனியாகக் கிளப்பிவிடுகிறாள், ஸ்டீயரிங் அவள் கைக்குள் அடங்காமல் தானே திரும்புகிறது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றுகிறது, வெள்ளை உடையில் கிரேஸ் குறுக்கே ஓடுகிறாள், கார் மரத்தில் மோதுகிறது. முதல் மனைவியின் வண்டி மோதிய அதே மரம்.

படம் தொடங்கும்போது மார்க்வேயின் குரல் சொல்லும்: அந்த வீட்டில் எது நடமாடியதோ அது தனியாகவே நடமாடியது. முடியும்போது ஏறக்குறைய அதே வரிகள் திரும்ப வரும், இம்முறை எலனாரின் குரலில், ஒரு மாற்றத்தோடு. எது என்பது போய், தன்மைப் பன்மை வந்துவிடும், இங்கே நடக்கிறவர்கள் தனியாகவே நடக்கிறோம் என்பாள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது, நமக்கு இரண்டு உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நாம் என்று போட்டால் கேட்கும் நம்மையும் உள்ளே இழுத்துக்கொள்கிறாள். நாங்கள் என்று போட்டால் நம்மை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுகிறாள், அவளுக்கும் ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது. அக்காவோடும் சேர முடியாமல், தியோவோடும் மார்க்வேயோடும் சேர முடியாமல் படம் முழுக்க அலைந்தவள் அவள். நான் நாங்கள் என்றுதான் போடுவேன்.